பிள்ளைகளே கட்டும் அறிவியல் பாட்டு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் தொடக்கப்பள்ளிகளில் பாட்டுக்கு இப்போது நல்ல இடம் கிடைத்திருக்கிறது. 2022-இல் தொடங்கப்பட்ட எண்ணும் எழுத்தும் திட்டத்தின் வகுப்புகளில் எழுத்தும் எண்ணும் பாட்டாகவும் ஆட்டமாகவும் அறிமுகமாகின்றன. அந்த வழக்கம் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புகளின் அறிவியல் பாடத்துக்கும் பரவி வருகிறது. நீர்ச் சுழற்சிக்கு ஒரு பாட்டு, கோள்களுக்கு ஒரு பாட்டு, உடல் உறுப்புகளுக்கு ஒரு பாட்டு என்று ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் நாள்தோறும் ஏதேனும் ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. இதை மனமார வரவேற்கிறேன். ஆனால் இவற்றில் பெரும்பாலானவை பெரியவர்கள் எழுதி, பெரியவர்கள் மெட்டமைத்து, பிள்ளைகள் கைதட்டித் திருப்பிச் சொல்பவை. அறிவியல் வகுப்பில் பாட்டின் முழுப் பயனும் பிள்ளைகளே அதைக் கட்டும்போதுதான் கிடைக்கிறது என்பது தொடக்கப்பள்ளி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் பணியாற்றிய என் கருத்து.

செய்யுளில் வைத்துச் செய்தியைக் காப்பது நமக்குப் புதிதன்று. ஏற்றம் இறைத்தவர்கள் சால் எண்ணிக்கையைப் பாட்டில் வைத்தே எண்ணினார்கள். நிகண்டுகள் சொற்பொருளைப் பாவில் அடக்கின. கணக்கதிகாரம் அளவைகளையும் கணக்குகளையும் செய்யுளாக்கித் தந்தது. வரிசையாக நினைவில் நிற்க வேண்டியவற்றுக்குப் பாட்டை விஞ்சிய துணை இல்லை. எனினும் எட்டுக் கோள்களின் பெயரையும் தாளம் தவறாமல் பாடும் குழந்தையிடம், வெள்ளி ஏன் நள்ளிரவில் நடுவானில் தெரிவதில்லை என்று கேட்டுப் பாருங்கள். பாட்டு அதற்கு உதவாது. மனப்பாடம் முடிந்துவிட்டதாலேயே பாடமும் முடிந்துவிட்டதென்ற நினைப்பு பிள்ளைக்கு மட்டுமன்றி ஆசிரியருக்கும் வந்துவிடுகிறது.

பிள்ளைகள் தாமே கட்டும்போது நடப்பது வேறு. நான் பணியாற்றிய பள்ளியில் ஐந்தாம் வகுப்பினர் டெங்குவைப் பற்றி ஒரு கும்மிப் பாட்டுக் கட்ட முனைந்தபோது அவர்களுக்கு முதலில் கிடைத்த அடிகள் இவை:

சாக்கடையில் முட்டையிடும் கொசுவே கொசுவே
சாமத்திலே கடிக்க வரும் கொசுவே கொசுவே

மோனை அழகாகவே அமைந்திருந்தது. ஆனால் இது டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அன்று; சாக்கடை போன்ற மாசடைந்த நீரில் பெருகி, இரவில் கடித்து, யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் கொசு. ஏடிஸ், வீட்டைச் சுற்றித் தேங்கிய ஓரளவு தெளிந்த நீரில் முட்டையிட்டுப் பெரும்பாலும் பகலில் கடிப்பது. இதை நானே சொல்லித் திருத்தியிருந்தால் அது இன்னொரு மனப்பாடச் செய்தியாகவே போயிருக்கும். எனவே பள்ளியைச் சுற்றி எங்கெல்லாம் புழு இருக்கிறதென்று பார்த்து வரச் சொன்னேன். தேங்காய்ச் சிரட்டையிலும், கைவிடப்பட்ட ஆட்டுக்கல்லின் குழியிலும், பழைய டயரிலும் நின்ற தண்ணீரைக் கொண்டுவந்து கண்ணாடிப் புட்டிகளில் ஊற்றி, வாயைத் துணியால் இறுகக் கட்டி வைத்தார்கள். நெளிந்து நீந்தும் புழுக்கள் அடிக்கடி நீர்ப்பரப்புக்கு வந்து தலைகீழாகத் தொங்குவதையும், பின்னர் அவை சுருண்ட கூட்டுப்புழுவாவதையும், கூட்டுப்புழு எதையும் தின்னாமலே சில நாளில் கொசுவாவதையும் கண்டார்கள். வெளிவந்த கொசுவின் கால்களில் இருந்த வெள்ளை வளையங்களை முதலில் கவனித்தது வாசிப்பில் பின்தங்கிய மாணவி ஒருத்தி. அதன் பிறகு பாட்டு இப்படி மாறியது:

பழைய டயர்த் தண்ணியிலே பிறந்த கொசுவே
பட்டப்பகல் வேளையிலே கடிக்கும் கொசுவே

முதல் அடிகளையும் அவர்கள் தூக்கி எறிந்துவிடவில்லை. யானைக்கால் கொசுவுக்கென்று தனிக் கண்ணி ஒன்று ஒதுக்கி அங்கே வைத்துக்கொண்டார்கள். புழு ஏன் திரும்பத் திரும்ப மேலே வருகிறது என்று தொடங்கிய பேச்சு, வால் பக்கத்துக் குழாயால் அது மூச்சு விடுவது வரைக்கும், தேங்கிய நீரில் எண்ணெய் விட்டால் புழு ஏன் சாகிறது என்பது வரைக்கும் சென்றது. ஓசைக்குப் பொருந்தும் சொல் ஒன்றும் உண்மைக்குப் பொருந்தும் சொல் வேறொன்றுமாக முட்டிக்கொள்ளும் இடம் ஒவ்வொரு பாட்டிலும் வருகிறது. அந்த இடத்தில் ஆசிரியர் அவசரப்படாதிருந்தால், பாடம் அங்கேதான் நடக்கிறது.

காரணங்களைப் பாட்டில் கொண்டுவர முடியாது என்றும் சொல்வதற்கில்லை. அதற்கேற்ற வடிவம் நம்மிடமே உள்ளது. மன்மதன் எரிந்தானா, எரியவில்லையா என்று இரு கட்சியாகப் பிரிந்து வாதாடும் லாவணியைத் தஞ்சைப் பகுதி வாசகர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. பனிக்கட்டி போட்ட டம்ளரின் வெளிப்புறத்தில் நீர்த்துளிகள் எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வியை வைத்து நான்காம் வகுப்பை இரு கட்சியாக்கலாம். உள்ளிருந்து கசிகிறது என்பது ஒரு கட்சி. காற்றிலிருந்து வருகிறது என்பது எதிர்க்கட்சி. ஒவ்வொரு கட்சியும் தன் காரணத்தைப் பாட்டாகச் சொல்லும். பிறகு டம்ளர் நீரில் சிவப்பு மை கலந்து பார்த்தால் வெளியே படியும் துளிகள் நிறமற்றே இருக்கும். தோற்ற கட்சி அதை ஒப்புக்கொண்டு கடைசிக் கண்ணியைப் பாட வேண்டும் என்பது விதி. அந்தக் கடைசிக் கண்ணியைத்தான் பிள்ளைகள் மிகுந்த சிரிப்போடு எழுதுகிறார்கள். ஒலியைப் பற்றிய பாடத்துக்கோ வெளியே தேடவே வேண்டாம்: பூவரச இலைப் பீப்பியும், தீயில் காய்ச்சித் தோலை இறுக்கியதும் குரல் உயரும் பறையும் பாட்டுக்கருவியாகவும் ஆய்வுக்கருவியாகவும் ஒருசேர இருக்கின்றன.

எதிர்ப்புகளையும் அறிவேன். நேரம் போதாது என்பது உண்மையான குறை. ஒரு பாட்டு முழுமை பெற ஒரு வாரமும் ஆகலாம். எல்லாப் பாடத்துக்கும் இதைச் செய்ய வேண்டியதில்லை. பருவத்துக்கு ஒன்றிரண்டு போதும். இரண்டு ஆசிரியர்கள் ஐந்து வகுப்புகளைப் பார்த்துக்கொள்ளும் சிறு பள்ளிகளில் இது சுமை என்று சிலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. பல வகுப்பினர் ஒரே அறையில் இருப்பது அங்கே வசதியாகவே அமைகிறது. பெரிய பிள்ளைகள் அடி கட்டுவார்கள், சிறியவர்கள் அதைப் பாடிப் பார்த்து, வாயில் நுழையாத அடி எது என்று தயங்காமல் சொல்லிவிடுவார்கள். பிள்ளைகள் சினிமா மெட்டையே நாடுகிறார்கள் என்று முகம் சுளிப்போரும் உண்டு. நாடட்டுமே. மெட்டு எங்கிருந்து வந்தால் என்ன, கொசுப்புழு சரியாக மூச்சு விட்டால் சரி.

எனக்கு இருக்கும் கவலை வேறு. ஆயத்தமாக வரும் பாட்டுகளைச் சரிபார்ப்பார் இல்லை. மரங்கள் பகலில் கரியமில வாயுவையும் இரவில் மட்டும் ஆக்சிஜனையும் சுவாசிப்பதாக ஒரு பாட்டைக் கேட்டேன். தாவரங்கள் இரவு பகல் எந்நேரமும் சுவாசிக்கின்றன. வெளிச்சத்தில் அதனோடு ஒளிச்சேர்க்கையும் நடக்கிறது. பூமியின் நிழல் விழுவதால்தான் நிலவு நாள்தோறும் தேய்கிறது என்று சொல்லும் பாட்டையும் கேட்டிருக்கிறேன். அது கிரகணத்துக்கான விளக்கம், பிறைக்கானதன்று. உரைநடையில் படித்த பிழையைப் பிள்ளை மறந்துவிடக்கூடும். பாட்டாக ஏறிய பிழை எளிதில் இறங்குவதில்லை.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இவ்வகையில் ஒரு முன்னனுபவம் உண்டு. 1991-இல் அறிவொளி இயக்கம் இங்கே பரவியபோது எழுத்தறியாத பெண்களைக் கற்றலுக்கு அழைத்து வந்ததில் பாட்டுக்குப் பெரும் பங்கு இருந்தது. கற்றவர்களில் சிலர் தாங்களே பாட்டுக் கட்டவும் செய்தார்கள். பாட்டைக் கேட்பவராகவே பிள்ளைகளை நிறுத்திவைக்க அதன் பிறகும் காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கல்வித்துறை புதிய திட்டம் எதையும் அறிவிக்க வேண்டியதில்லை. ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டங்களில் ஆயத்தப் பாடலைப் பகிர்வதற்குப் பதிலாக, பிள்ளைகளின் பாடல் ஒன்றை எடுத்துக்கொண்டு அதில் எந்த அடி பிழை, அதை எந்தச் சோதனையால் பிள்ளைகளே கண்டறியச் செய்யலாம் என்று பேசலாம். ஆண்டுதோறும் நடக்கும் கலைத்திருவிழாவில் தொடக்க நிலைக்கென்று பிள்ளைகளே இயற்றிய அறிவியல் பாட்டுக்கு ஒரு பிரிவு வைக்கலாம். அதற்கு நடுவராக இசை தெரிந்தவரோடு அறிவியல் தெரிந்த ஒருவரும் அமர வேண்டும். பாடி முடித்த குழுவிடம், இந்த அடியை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் ஒரு கேள்வி கேட்க வேண்டும்; அதற்குக் கிடைக்கும் விடைக்குக் குரலினிமைக்குத் தரும் அளவு மதிப்பெண்ணாவது தரப்பட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தொடக்கப்பள்ளித் தலைமை ஆசிரியை,
புதுக்கோட்டை மாவட்டம்.