அம்மாவின் ஃபைலில் இல்லாத கோலம்

தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் புற்றுநோய்க்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்கு,

வணக்கம்.

என் அம்மாவுக்கு 61 வயது. மார்பகப் புற்றுநோய். விழுப்புரத்திலிருந்து விடியற்காலை ரயில் பிடித்துச் சென்னைக்கு வந்து, டோக்கன் போட்டு, ரத்தம் கொடுத்து, ரிப்போர்ட் வரும்வரை காத்திருந்து, கீமோ ஏற்றிக்கொண்டு இரவில் வீடு திரும்பியவர். இப்போது மாத்திரையில் இருக்கிறார். அவரை எங்களுக்குத் திருப்பிக் கொடுத்தவர்கள் நீங்கள். இதை முதலில் எழுதாமல் வேறெதையும் எழுத மனம் வரவில்லை.

எழுத வந்தது அம்மாவின் விரல்களைப் பற்றி.

வாரம் ஒரு முறை ஏற்றிய பாக்லிடாக்சல் என்ற கீமோ மருந்து ஏழெட்டு வாரம் தாண்டியதும் விரல் நுனிகள் மரத்துப்போயின. அந்த மருந்துக்கு அது வழக்கம் என்று முன்பே சொல்லியிருந்தீர்கள். ஃபைலிலும் குறித்தீர்கள். வீட்டில் நடந்தது ஃபைலுக்குத் தெரியாது. நாற்பது வருஷமாக வாசலில் புள்ளி வைத்தவர் அம்மா. அன்று காலை கோலமாவை எடுத்தார். விரல்களுக்கு நடுவே மாவு இருக்கிறதா இல்லையா என்றே அவருக்குத் தெரியவில்லை. ஓரிடத்தில் கொட்டியது, ஓரிடத்தில் விழவே இல்லை. மூன்றாவது புள்ளியோடு எழுந்து, காலாலேயே அதைத் தேய்த்து அழித்துவிட்டு உள்ளே போனார். சின்ன வயதில் கோலத்தை மிதித்ததற்காக எங்களை அடித்தவர் அவர்.

அன்று விளக்கு ஏற்றவில்லை. அப்புறம் பல வாரம் ஏற்றவில்லை. “யாருக்கு என்ன கெடுதல் பண்ணினேன்னு எனக்கு இப்படி?” என்பார். நாங்கள் எல்லோரும் ஒரே பதிலைத்தான் சொன்னோம்: “தைரியமா இரும்மா.” அதைச் சொல்லிச் சொல்லியே அவர் வாயை அடைத்திருக்கிறோம்.

அதற்கும் முன்னால் செய்த தப்பு ஒன்று உண்டு. முதல் நாளே மருத்துவரைத் தனியாகப் பார்த்து, “அம்மாவுக்குத் தெரிய வேண்டாம் சார், கட்டின்னு மட்டும் சொல்லுங்க” என்றோம். அவரும் ஒத்துக்கொண்டார். அம்மா எட்டாவது வரை படித்தவர். கட்டடத்தின் வாசலில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்கத் தெரியாதவரா? அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்காகத் தெரியாததுபோல் இருந்தார். ஒரே வீட்டில் நாலு பேர் ஒருவருக்கொருவர் மறைத்து அழுதோம். எங்களைப்போலக் கேட்டுவரும் பிள்ளைகளிடம் தயவுசெய்து தலையாட்டிவிடாதீர்கள். எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று நோயாளியிடமே முதலில் கேளுங்கள்.

அம்மா பேசியது ஒரு நர்ஸிடம். கையில் ஊசி குத்த நரம்பு தேடிக்கொண்டே அந்தப் பெண் கேட்டாள்: “காலைல எழுந்ததும் வீட்ல என்னம்மா செய்வீங்க?” அவ்வளவுதான். கோலம், விளக்கு, சாமியிடம் கோபம், செத்துப்போன தங்கை, எல்லாம் வந்தது. அவள் ஆறுதல் சொல்லவில்லை. கையை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். பத்து நிமிஷம்கூட இருக்காது. ரயிலில் வரும்போது அம்மா தூங்கினார். அடுத்த வெள்ளிக்கிழமை அரிசியை ஊறவைத்து அரைத்து, துணியை முக்கி, உள்ளங்கையால் பிழிந்து மாக்கோலம் போட்டார். கோணல்மாணலாகத்தான் இருந்தது.

நோயாளியின் மனத்தையும் விசாரியுங்கள் என்று நான் கேட்பது உங்கள் துறைக்குப் புதியதல்ல. நர்ஸாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பிறகு மருத்துவரான சிசிலி சாண்டர்ஸ், உடல், மனம், குடும்பம், ஆன்மா நான்கும் சேர்ந்ததே நோயாளியின் முழு வலி என்றார். 1967இல் லண்டனில் அதற்காகவே செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் திறந்தார். உலக சுகாதார நிறுவனம் 2002இல் வலி தணிப்புச் சிகிச்சைக்குத் தந்த விளக்கத்திலும் ஆன்மிகத் துயரம் இருக்கிறது. 44,000க்கும் மேற்பட்ட புற்றுநோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான கட்டுரைகள், மனத்தில் அமைதியும் வாழ்வில் ஒரு பொருளும் இருப்பதாக உணர்பவர்கள் உடலளவிலும் நன்றாக இருப்பதாகச் சொல்வதைக் காட்டின. அமைதி கட்டியைக் கரைக்கும் என்று யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஆன்மிகம் என்றதும் வார்டில் விபூதி கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். கீமோ அறையில் எதிர்ச் சேரில் ஒரு அண்ணன் வருவார், கருப்புச் சட்டைக்காரர். “உழைச்சுப் போட்ட கை, இன்னிக்கு மகன்கிட்ட பஸ்ஸுக்குக் காசு கேட்குது” என்று ஒருநாள் சொன்னார். கடவுள் இல்லை என்பவருக்கும் ‘நான் இனி எதற்கு?’ என்ற கேள்வி இருக்கிறது. அதைக் கேட்கவும் ஒரு ஆள் வேண்டும்.

உங்கள் ஓபி கூட்டம் எனக்குத் தெரியும். கதவுக்கு வெளியே நின்றவள் நான். ஒவ்வொருவரோடும் அரை மணி நேரம் உட்காரச் சொல்லவில்லை. எடை, பிபி பார்க்கும் இடத்திலேயே, மனக்கஷ்டம் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்டு எழுத ஒரு நிமிஷம் போதும். உலகின் பல மருத்துவமனைகளில் தெர்மாமீட்டர் படம் போட்ட ஒரு தாளில் இதைக் கேட்கிறார்கள். நாலோ அதற்கு மேலோ வந்தால் ஆலோசகரிடம் அனுப்புகிறார்கள். ஆலோசகர் இல்லாத இடத்தில் அந்தப் பணியிடத்தைக் கேட்டு நிர்வாகத்துக்கு எழுதுங்கள். நீங்கள் எழுதினால் எடுபடும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துக்கத்திலிருந்துதான் 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை பிறந்தது. நோயாளியின் மனத்துக்கென்றே இன்று அங்கே தனித் துறை இருக்கிறது. 2021இல் அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. அப்படி வருபவர்களுக்கும் இந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுங்கள்.

கெட்ட சேதி சொல்ல ஒரு அறை, கதவு சாத்தக்கூடியதாக. அதையும் கேட்டுக்கொள்கிறேன். எங்களுக்கு வராந்தாவில், ஸ்ட்ரெச்சர் போக வழிவிட்டுக்கொண்டே சொல்லப்பட்டது.

அடுத்த மாதம் அம்மாவுக்கு ரிவியூ. செக்கப் நெருங்கும் வாரங்களில் அவருக்குத் தூக்கம் வருவதில்லை, சாப்பாடும் இறங்குவதில்லை. கேட்டால் “ஒண்ணுமில்ல டாக்டர், நல்லா இருக்கேன்” என்றுதான் சொல்வார். தயவுசெய்து இன்னொரு தடவை கேளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மகள்