பாப்பாவுக்கு, டை ராடு எண்டு பற்றி

தூத்துக்குடி,
ஞாயிறு காலை

அன்புள்ள பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நேற்று ராத்திரி நீ போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு உன் காரின் பழைய டை ராடு எண்டை, அதாவது ஸ்டீயரிங் கம்பி சக்கரத்தோடு சேரும் மூட்டை, கழற்றப் பார்த்தாயே, அப்போது சுத்தியல் சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. கணீரென்று கேட்டது. அந்தச் சத்தத்திலேயே நீ எங்கே அடிக்கிறாய் என்று தெரிந்துவிட்டது. ஆணியின் மரை முனையில் அடிக்கிறாய். முதலில் அதை நிறுத்து. மற்றதைப் போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன். இதைப் பிரிண்ட் எடுத்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்.

டை ராடு எண்டில் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் ஆணி நேர் உருளை கிடையாது, கூம்பு. அது உட்காரும் ஓட்டையும் கூம்புதான். நட்டை இறுக்க இறுக்கக் கூம்பு ஓட்டைக்குள் போய் அப்பிக்கொள்ளும். அப்புறம் நட்டைக் கழற்றினாலும் பிடி விடாது. நம் வீட்டில் எவர்சில்வர் டம்ளர் ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்டால் அம்மா என்ன செய்வாள்? இழுக்க மாட்டாள். வெளி டம்ளரின் பக்கவாட்டில் இரண்டு தட்டு தட்டுவாள். இதுவும் அதே கதைதான். ஆணியை விட்டுவிடு. சக்கரத்தோடு சேர்ந்த ஸ்டீயரிங் கையின் காதில், அதாவது ஆணி உட்கார்ந்திருக்கிற ஓட்டையைச் சுற்றிய இரும்பில் அடி, பக்கவாட்டில்.

இதை நான் கற்றது 1979இல். எனக்கு 19 வயது. முள்ளக்காட்டு உப்பளத்தில் ஓடின ஒரு லேலண்ட் காமெட் வந்தது. உப்பு லாரி என்றால் அடிப்பக்கம் பார்க்கவே பாவமாக இருக்கும், இரும்பு அப்பளம் மாதிரி உதிரும். டிராக் லிங்க்கைக் கழற்றச் சொன்னார் மேஸ்திரி. அதுவும் ஸ்டீயரிங் கம்பிதான், இதே மாதிரி கூம்பு ஆணி. நான் நட்டை முழுக்க எடுத்துவிட்டு, சம்மட்டியால் ஆணி முனையில் போட்டேன். பத்து அடியில் முனை காளான் மாதிரி விரிந்துவிட்டது. விரிந்த முனை அந்த ஓட்டை வழியாக எப்படி வெளியே வரும்? ஹேக்ஸா பிளேடு போட்டு அரைநாள் அறுத்தேன். மேஸ்திரி ஒரு வார்த்தை திட்டவில்லை. அடுத்த பக்கத்தை அவரே செய்தார். காதின் ஒரு பக்கம் கனமான சுத்தியலை அணைத்துப் பிடித்து, மறுபக்கம் இன்னொரு சுத்தியலால் மூன்று அடி. பொத்தென்று விழுந்தது. அவர் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

உங்கள் ஊரில் பனி உருக ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள் என்றாய். அப்படியானால் உன் 2009 கொரோலாவும் உப்பு லாரிதான், கூச்சப்படாதே.

சரி, இனி வேலை. பின் சக்கரத்துக்குக் கட்டை கொடு. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கையை விடாதே, ஸ்டாண்டு வைத்தே ஆக வேண்டும். நட்டு கழலாமல் குறுக்கே மாட்டியிருக்கும் ஸ்பிளிட் பின் துருவில் ஒடிந்தால் ஒடியட்டும், புதிதுதானே போடப்போகிறாய். நட்டை முழுக்க எடுக்காதே. ஆணி முனையோடு சமமாக வரும்வரை கழற்றி அப்படியே விட்டுவை. கூம்பு விடும்போது வெடித்தமாதிரி விடும். நட்டு இருந்தால் உன் முகத்துக்கு வராது. நட்டைச் சுற்றும்போது ஆணியும் கூடவே சுற்றினால், டை ராடு எண்டை மேலிருந்து கீழே அழுத்திப் பிடி, கூம்பு மறுபடி கவ்வும்.

அங்கே கடையில் டெபாசிட் வாங்கிக்கொண்டு புல்லர், அதாவது ஆணியை அழுத்தி வெளியே தள்ளும் கருவி, இரவல் தருகிறார்கள் என்று மாப்பிள்ளை சொன்னார். வாங்கிக்கொள். புல்லரை மாட்டி நன்றாக இறுக்கிவிட்டு, அப்புறம் காதில் தட்டு. இறுக்கம் பாதி வேலை, தட்டு பாதி வேலை. புல்லரை மட்டுமே நம்பி மேலும் மேலும் முறுக்கினால் புல்லர்தான் கோணும். ஆப்பு மாதிரி இரண்டு பல் உள்ள ஃபோர்க்கும் இருக்கும். அது ரப்பரைக் கிழிக்கும். பழையதைத் தூக்கிப் போடுகிறாய் என்பதால் இந்த ஒரு தடவை பரவாயில்லை. கேஸ் டார்ச் மட்டும் வேண்டாம், பக்கத்திலேயே பிரேக் ஹோஸ் ஓடுகிறது. நாங்கள் நெருப்பு வைத்திருக்கிறோம், உண்மைதான். அது லாரி, முன் சக்கரம் திரும்பும் அச்சாணியான கிங் பின். கூடவே இரண்டு ஆள் தண்ணீரோடு நிற்பார்கள்.

துருவை இளக்கும் எண்ணெயைக் கூம்பில் அடித்துப் பெரிய பயனில்லை, உள்ளே இறங்காது. டை ராடு எண்டைக் கம்பியோடு இறுக்கிப் பிடிக்கும் லாக் நட்டின் மரையில் அடி. இன்று ராத்திரி அடித்துவிட்டுக் காலையில் கை வை. நாங்கள் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டுத் தூங்கப் போவோம். லாக் நட்டைத் திருப்பும்போது உள்ளே போகும் அந்தக் கம்பி சேர்ந்து சுற்றாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொள், இல்லாவிட்டால் அந்த ரப்பர் பூட் முறுக்கிக்கொள்ளும்.

லாக் நட்டை அசைக்கும் முன்பே அது நிற்கிற இடத்தில் உன் நகப்பூச்சால் ஒரு கோடு போடு. பழைய டை ராடு எண்டைக் கழற்றும்போது சுற்றை எண்ணு, அரைச் சுற்றையும் விடாமல். ஒரு சுற்று என்றால் கிட்டத்தட்ட ஒன்றரை மில்லி. அந்த ஒன்றரை மில்லி போதும் டயரைத் தின்ன. எண்ணிப் போட்டாலும் அலைன்மென்ட் கடைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். எண்ணுவது கடைவரை ஒழுங்காக ஓட்டிக்கொண்டு போவதற்கு.

புதிய நட்டை இறுக்கியபிறகு ஸ்பிளிட் பின் போகும் ஓட்டை நேராக வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இறுக்கு. தளர்த்தி நேராக்காதே.

இதையெல்லாம் நீ எட்டாவது படிக்கும்போதே சொல்லியிருக்கலாம். பட்டறையில் பழைய டயர் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பாய். கிரீஸ் ஒட்டும், வீட்டுக்குப் போய்ப் படி என்று துரத்துவேன். அண்ணனைத்தான் கையைப் பிடித்து இழுத்து இழுத்துக் காட்டினேன். அவன் இப்போது பேங்கில் இருக்கிறான், சைக்கிள் செயின் கழன்றால்கூட எனக்குப் போன் வருகிறது.

அம்மா கருவாடு பார்சல் அனுப்பலாமா என்று கேட்கிறாள். குளிரில் வேலை செய்கிறாய், கையுறை போட்டுக்கொள்.

எண்ணின சுற்று எத்தனை என்று எனக்கும் ஒரு மெசேஜ் போடு. நான் இங்கே சுவரில் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா