கிளறுகம்பியின் கறுப்பு பற்றி வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். நம் கணப்புச் சாமான்களை, அதாவது குளிர்காய வீட்டுக்குள் விறகு எரிக்கும் இடத்தில் நெருப்பைக் கையாளும் சாமான்களைப் பற்றி ஒரு படம் சில வாரங்களாகக் கைபேசிக்குக் கைபேசி போய்க்கொண்டிருக்கிறது. உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். எங்களுக்கே நாலைந்து பேர் அனுப்பி, "இது உங்க சரக்குதானே?" என்று கேட்டுவிட்டார்கள். ஆமாம், எங்கள் சரக்குதான். கட்டையையும் தணலையும் புரட்டுகிற, கொக்கி வைத்த அந்தக் கிளறுகம்பியும் அதன் கைப்பிடி வளையமும் எங்கள் பட்டறை வேலை. முனையில் ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்பு பெயர்ந்து, அடியில் சாம்பல் நிறமும் செம்பழுப்புமாகத் தெரிகிறது. படத்துக்குக் கீழே ஒரே வரி: "வெளியே பெயின்ட், உள்ளே தகரம்."

பெயின்ட் பெயர்ந்தது உண்மை. தகரம் என்பது பொய். விலை, தாமதம், பேக்கிங் என்று வேறு எதைச் சொல்லியிருந்தாலும் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருப்போம். தகரம் என்றதால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் சமையல் தராசு இருந்தால் கிளறுகம்பியை அதில் வைத்துப் பாருங்கள். இரும்புக் கம்பி வாங்கி விற்கிற எல்லோருக்கும் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். எங்களுடையது 12 மி.மீ. கம்பி. 144-ஐ 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு 890 கிராம். பார்வைக்கு 70 செ.மீ.தான் இருக்கும், கைப்பிடி வளையத்துக்கும் கொக்கிக்கும் போனதைச் சேர்த்தால் வெட்டிய கம்பி 95 செ.மீ. அதற்கு 845 கிராம். உலையில் செதிலாக உதிர்ந்தது, அரம் போட்டது என்று 20, 30 கிராம் குறையலாம். இதே தடிமனில் 1.2 மி.மீ. தகட்டை உருட்டிய குழாயாக இருந்தால் மொத்தமும் 300 கிராமைச் சுற்றித்தான் நிற்கும். காந்தம் ஒட்டியது, ஆகவே தகரம் என்று ஒருவர் சொல்லியிருந்தார். காந்தம் கெட்டி இரும்பிலும் ஒட்டும், தகரத்திலும் ஒட்டும். அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இன்னொன்று: தகரம் என்று நாம் சொல்வது வெள்ளீயம் பூசிய மெல்லிய தகடு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். தணலுக்குள் ஒரு தடவை போனால் அந்தப் பூச்சு மிஞ்சாது.

சரி, கறுப்பு ஏன் பெயர்ந்தது? நாங்கள் அடிப்பது சிலிக்கோன் கலந்த ஸ்டவ் பெயின்ட். சுமார் 600 டிகிரி வரை தாங்கும் ரகம். சாதாரண பவுடர் கோட்டிங் 200 டிகிரியைத் தாண்டினால் நிறம் மாறி நாறத் தொடங்கும். கடையில் பார்க்கப் பளபளப்பாக இருக்கும் என்பதற்காக அதை அடித்து விற்பவர்கள் இருக்கிறார்கள், நாங்கள் அடிப்பதில்லை. ஆனால் தணலின் நடுவில் 600 டிகிரியெல்லாம் ஒரு சூடே இல்லை. இரும்போ கல்லோ, சூடேறும் பொருள் இருட்டில் மங்கலாகச் சிவக்கத் தொடங்குவதே சுமார் 525 டிகிரியில்தான் என்று ஜான் வில்லியம் டிரேப்பர் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1847-இலேயே எழுதிவிட்டார். விளக்கு எரிகிற அறையிலும் பளிச்சென்று சிவப்புத் தெரிகிறது என்றால் 700-ஐத் தாண்டிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கம்பியை உள்ளே விட்டு, கட்டையைப் புரட்டி, வெளியே எடுக்கிற பத்து விநாடியில் 12 மி.மீ. இரும்பு அந்தச் சூட்டுக்குப் போகாது. தணலில் சொருகி வைத்துவிட்டு வேறு வேலையாகப் போனால்தான் போகும். படத்தில் தெரிகிற சாம்பல் நிறப் பொருக்கு, சிவந்த இரும்பு காற்றோடு சேர்ந்து உண்டாக்கும் செதில். நகத்தால் நெம்பினால் மீன் செதில் மாதிரி மெல்லிசாக, விளிம்பு கூராக உதிரும். அதற்கு மேலே இருக்கிற எந்தப் பெயின்ட்டும் அதோடு சேர்ந்து வந்துவிடும், யார் அடித்திருந்தாலும்.

இதை வாங்கியவர் மேல் குற்றமாகச் சொல்லவில்லை. "தணலில் விட்டுவைக்க வேண்டாம்" என்பதைப் பெட்டிக்குள் போட்ட சீட்டில் பொடி எழுத்தில் ஒரு வரியாக வைத்தது எங்கள் பிழை. இனி வருகிற கிளறுகம்பிகளில் முனையிலிருந்து 20 செ.மீ. வரை பெயின்ட்டே இருக்காது, எண்ணெய் தடவிச் சூடுகாட்டி ஏற்றும் எண்ணெய்க் கறுப்பு மட்டும்தான். உரிவதற்கு அங்கே ஒன்றும் இல்லாவிட்டால் பேச்சும் இல்லை.

கையில் இருப்பதை வீட்டிலேயே சரிசெய்யலாம். கம்பி முழுக்க ஆறியபின், பெயர்ந்த இடத்தைக் கம்பி பிரஷால் இரும்பு தெரியும்வரை தேயுங்கள். ஆளிவிதை எண்ணெயில் நனைத்த துணியால் ஒரு தடவை தடவி, உடனே காய்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். கையில் பட்டால் ஈரம் தெரியக்கூடாது, அவ்வளவு மெல்லிசு போதும். தடித்துவிட்டால் பிசுபிசுப்பாகவே நிற்கும். பிறகு தணலுக்கு ஒரு கை தள்ளி முனையைக் காட்டினால் மெல்லிய புகை வந்து அடங்கி, பழுப்பேறிய கறுப்புப் பிடிக்கும். இரண்டு மூன்று தடவை செய்தால் நிறம் இறுகும். முனையில் அது நிரந்தரம் இல்லை. வருஷத்துக்கு ஒரு முறை மறுபடி தடவ வேண்டியிருக்கும். கைப்பிடிப் பக்கத்துக்கு வெதுவெதுப்பாக இருக்கும்போது தேன்மெழுகு தேய்த்தால் போதும். ஒரே ஒரு எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய்த் துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். வெளியே விரித்துக் காயப்போடுங்கள், அல்லது தண்ணீரில் முக்கிவிடுங்கள்.

தகரப் பேச்சை இத்துடன் விடுகிறோம்.

இந்தச் சமயத்திலும் "அடுத்து எதை வாங்கலாம்?" என்றே கேட்டு எழுதிய பழைய வாடிக்கையாளர்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. கேட்டதற்குப் பதிலையாவது ஒழுங்காகச் சொல்லிவிடுகிறோம்.

எங்களிடம் திரும்பி வருகிற சாமான்களில் பாதிக்கு மேல் அளவு பொருந்தாமல் வருபவை. செட் (கிளறுகம்பி, கரண்டி, பிரஷ் எல்லாம் ஸ்டாண்டோடு சேர்ந்தது) வாங்கும் முன், ஸ்டவ்விலோ கணப்பிலோ நெருப்பு எரிகிற அறையின் ஆழத்தை அளந்து, அதோடு 25 முதல் 30 செ.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். 35 செ.மீ. ஆழமுள்ள விறகு ஸ்டவ்வுக்கு 60, 65 செ.மீ. நீளம் சரி. திறந்த கணப்பில் அனல் முகத்துக்கே வரும், அதற்கு 75, 80 செ.மீ. வேண்டும். அழகாக இருக்கிறது என்று சின்ன ஸ்டவ்வுக்கு 80 செ.மீ. செட் வாங்கினால், கம்பி கதவு விளிம்பில் இடித்து, கை தூக்கிக்கொள்ளும். முனை, ஸ்டவ்வின் உட்சுவரில் சூடு தாங்கப் பதித்த பின்பக்கத்து வெர்மிகுலைட் பலகையில் போய்க் குத்தும். அந்தப் பலகை ஸ்டவ்வின் சூட்டைத் தாங்கும், ஒரு குத்தைத் தாங்காது. கதவுக் கண்ணாடியும் அப்படித்தான்.

தடிமன் 12 மி.மீ. போதும். 10 மி.மீ. கம்பி சூட்டில் பாரமான கட்டையை நெம்பும்போது வளைந்துவிடும். 16 மி.மீ. மீட்டருக்கு 1.58 கிலோ, மூன்றாவது நாளே மணிக்கட்டு வலிக்கும்.

விறகு ஸ்டவ் வைத்திருப்பவர்களுக்குக் கிளறுகம்பியைவிடத் தணல்வாரிதான் முக்கியம் என்பது எங்கள் கருத்து. 10 செ.மீ. அகலத் தகட்டைக் கம்பி நுனியில் குறுக்காக வைத்தது, அவ்வளவுதான். புது விறகு போடும் முன் தணலை முன்பக்கமாக இழுத்துக் குவிக்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான ஸ்டவ்களில் காற்று கதவுப் பக்கத்திலிருந்துதான் இறங்குகிறது. தணல் பின்னால் பரவிக் கிடந்தால் புது விறகு வெகுநேரம் புகையும். கண்ணாடி கறுக்கும், புகைபோக்கியில் கரிப்பிசின் சேரும். திறந்த கணப்பில் மட்டும் கொக்கிக் கம்பிக்கு முதலிடம். அங்கேயும் கட்டையின் தலையில் தட்டாதீர்கள். கொக்கியை அடியில் கொடுத்து இரண்டு விரல் உயரம் தூக்கி விட்டாலே காற்று புகுந்து தீ எழும்பும்.

சாம்பல் கரண்டியில் பார்க்க வேண்டியது அகலம். சாம்பல் எடுக்கும் வாசலைவிட இரண்டு விரல் குறைவாக, மூன்று பக்கமும் விளிம்பு தூக்கியதாக இருக்கட்டும். தினமும் சுரண்டி எடுக்க வேண்டாம்; அடியில் 2, 3 செ.மீ. சாம்பல் மெத்தை கிடந்தால் தணல் அணையாமல் நிற்கும். எடுத்த சாம்பலுக்கு உலோக வாளி, உலோக மூடி, தரையைத் தொடாத அடி மூன்றும் வேண்டும். பிளாஸ்டிக் வாளியும் காகிதப் பையும் கூடவே கூடாது. சாம்பலுக்குள் புதைந்த கங்கு மூன்று நான்கு நாள்கூட உயிரோடு இருக்கும். வாளியை வீட்டுச் சுவரிலிருந்து 3 மீட்டராவது தள்ளி வையுங்கள்.

பிரஷ் கருகுகிறது என்றும் புகார் உண்டு. தென்னை நார் கருகத்தான் செய்யும், ஆனால் உருகி ஒட்டாது. நைலான் உருகிக் கல்லில் அப்பிக்கொள்ளும். எதுவானாலும் ஆறிய சாம்பலைக் கூட்டுவதற்குத்தான். தலை மட்டும் மாற்றக்கூடிய பிரஷாக வாங்கினால் செலவு குறையும்.

இடுக்கியில் கத்திரி ரகம், வில் ரகம் என்று இரண்டு. பாதி எரிந்த கட்டையைத் தூக்கக் கத்திரி ரகம், 15 செ.மீ. கட்டையைக் கவ்வும்படி வாய் விரிய வேண்டும், ஆணி ஆடக்கூடாது. வில் ரகம் கங்கு பொறுக்கத்தான் ஆகும்.

அழகு பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது ஹாலில் எல்லோர் கண்ணிலும் படுகிற பொருள். பித்தளைக் கைப்பிடி பார்க்க அமர்க்களம். ஆனால் பித்தளை, சாதாரண இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சூட்டைக் கடத்தும். கம்பி முழுக்க இரும்பாக இருந்து பிடி மட்டும் பித்தளையாக இருந்தால் பரவாயில்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இரும்பில் மூன்றில் ஒரு பங்குதான் கடத்தும், கை சுடாது. முனையில் வைக்கோல் நிறமும் நீலமும் ஏறும். அது துரு இல்லை. (அதையும் யாராவது படம் எடுத்துப் போடும் முன் சொல்லிவிடுகிறோம்.) மரப்பிடி கைக்கு இதம், ஸ்டவ்வை ஒட்டி மாட்டி வைத்தால் வெடிக்கும்.

பிடி எதுவானாலும் அது கம்பியோடு சேர்கிற இடத்தைப் பாருங்கள். செட்டுகள் முதலில் சாகிற இடம் அதுதான். மரை போட்டுத் திருகியது சூடாகி ஆறி ஆறிக் கழன்றுவிடும். ஒரே கம்பியை வளைத்த பிடியோ, ரிவெட் அடித்ததோ ஆடாது. ஸ்டாண்டுக்கு ஒரு சோதனை உண்டு. எல்லாச் சாமானையும் மாட்டி, ஒரு பக்கத்தில் இருப்பதை மட்டும் எடுத்துவிட்டு, மறுபக்கத்தை விரலால் மெல்ல அழுத்துங்கள். சாய்ந்தால் வேண்டாம்.

இரும்பும் உலைக்கான எரிவாயுவும் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். இருந்தாலும் செட் விலையை ஒரு பைசா கூட்டவில்லை. இடுக்கி அடித்துக்கொண்டிருந்த மூத்த கொல்லர் ஓய்வு பெற்றுவிட்டதால் அது மட்டும் இனி தனியாகக் கிடைக்கும். கிளறுகம்பி, கரண்டி, பிரஷ், ஸ்டாண்டு எல்லாம் வழக்கம்போல ஒரே பெட்டியில்.

கறுப்பு பெயர்ந்த கம்பி யாரிடம் இருந்தாலும் கொண்டுவந்து கொடுங்கள், எப்போது வாங்கியது என்று கேட்க மாட்டோம். முனையைத் தேய்த்து எண்ணெய்க் கறுப்பு ஏற்றி இரண்டு நாளில் தருகிறோம், காசு வேண்டாம். படம் எடுத்தவருக்கும் இது பொருந்தும்.

இத்தனை வருஷம் நம்பி வாங்கி, அக்கம்பக்கத்தாருக்கும் சொல்லி அனுப்பிய உங்கள் எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
பட்டறை உரிமையாளர்

பி.கு.: எடை போட்டுப் பார்ப்பவர்கள் கவனிக்க: கைப்பிடியில் தோல் சுற்றிய மாடலாக இருந்தால் 30 கிராம் கூடவே காட்டும். அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.