தத்து அளித்த பின் தத்தளிக்கும் பூனைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாய், பூனை தத்தெடுப்பு முகாம்கள் பற்றிய செய்திகள் தங்கள் நாளிதழில் அவ்வப்போது வெளிவருகின்றன. கூடையிலிருந்து ஒரு பூனையைக் குழந்தை வாங்கிக்கொள்ளும் படத்தோடு அச்செய்தி முடிந்துவிடுகிறது. அந்தக் கூடை வீடு வந்து சேர்ந்த பிறகு முதல் சில வாரங்களில் என்ன நடக்கிறது என்பதை யாரும் எழுதுவதில்லை; முகாம் நடத்துவோரும் பல வேளைகளில் சொல்லி அனுப்புவதில்லை. 'தத்து அளித்தல்' என்பதைச் சேர்த்து எழுதினால் 'தத்தளித்தல்' ஆகிவிடும் என்று முன்பு வகுப்பில் பிள்ளைகளிடம் வேடிக்கையாகச் சொல்வேன். கடந்த தை மாதம் எங்கள் வீட்டுக்கு வந்த பூனை, அந்த இரண்டு சொற்களுக்கும் இடையே உண்மையிலேயே அதிகத் தூரம் இல்லை என்பதைக் காட்டிவிட்டது.

நான் பெருந்துறை வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழாசிரியை. கோவையில் உள்ள ஒரு காப்பகத்திலிருந்து மூன்று வயதுப் பெண்பூனை ஒன்றை அழைத்து வந்தோம். சாம்பல் நிறத்தில் வரி ஓடிய உடம்பு. கருத்தடை செய்ததற்கு அடையாளமாக இடது காதின் நுனி வெட்டப்பட்டிருந்தது. தடுப்பூசி அட்டையைக் கொடுத்தார்கள், படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள், படம் எடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இரண்டு மணி நேரக் கார்ப் பயணம் முழுவதும் கத்தி ஓய்ந்திருந்த பூனையை, வீட்டுக்கு வந்ததும் ஆசாரத்தின் (கூடத்தின்) நடுவில் கூடையைத் திறந்து வெளியே விட்டோம். பேரன், பேத்தி, பக்கத்துத் தோட்டத்துப் பெண்கள் என்று ஏழெட்டுப் பேர் சுற்றி நின்றோம். பாய்ந்து ஓடியதைத்தான் பார்த்தோம். போன இடம் தெரியவில்லை. மாலையில், அட்டாலியில் (பரணில்) பழைய அண்டாக்களுக்குப் பின்னால் இரண்டு கண்கள் டார்ச் வெளிச்சத்தில் மின்னுவதைப் பேரன் கண்டுபிடித்தான்.

இரண்டு நாள் அது இறங்கவில்லை. ஏணி போட்டு ஏறிப் பாலும் தயிர்ச்சோறும் வைத்தோம். வைத்தது வைத்தபடி இருந்தது. அட்டாலியிலேயே சிறுநீர் கழித்துவிட்டது. "இது நம்ம வூட்டுக்கு ஒத்து வராதுங்க, கொண்டுபோய் உட்டுருங்க" என்றார் வீட்டு வேலைக்கு வரும் அம்மா. என் கணவருக்கும் அதே எண்ணம்தான். காப்பகத்தில் கொடுத்த எண்ணுக்கு நாலைந்து முறை அழைத்தும் எடுப்பாரில்லை. மூன்றாம் நாள் காலையில் அரசுக் கால்நடை மருத்துவமனைக்குப் போய், ஆட்டுக்குட்டி ஒன்றுக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த மருத்துவரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் நிமிராமலே சொன்னார்: "பூனை மேல தப்பில்லைங்கம்மா. வீடு முழுசையும் ஒரே நாள்ல அதுக்குக் குடுத்துட்டீங்க. ஒரு ரூமை மட்டும் குடுத்துப் பாருங்க."

யோசித்துப் பார்த்தால் இது நமக்குப் புதிய செய்தி அன்று. கண்ணபுரம் சந்தையில் காங்கயம் மாடு பிடித்து வருகிறவர், வந்த அன்றே அதைக் கட்டுத்தரை முழுவதும் அவிழ்த்து விடமாட்டார். சில நாள் தனியே கட்டுவார். விற்றவரிடம் என்ன தீனி போட்டீர்கள் என்று கேட்டு வந்து அதையே கொஞ்ச நாள் போடுவார். மாடு என்றால் தெரிகிற இந்த நியாயம் பூனை என்றால் மட்டும் நமக்கு மறந்துபோகிறது. பூனையோ மாட்டைவிடவும் இடத்தோடு ஒட்டிய உயிர். கன்னத்தையும் விலாவையும் சுவரிலும் கதவிலும் உரசி, தன் வாசனையை ஏற்றி வைத்த இடத்தைத்தான் அது தன் இடமென்று நம்புகிறது. அந்த வாசனை துளியும் இல்லாத பெரிய வீடு அதற்கு ஒரு காடு. ஒளிந்துகொள்வதைத் தவிர அங்கே அதற்கு வேறு வழியில்லை. சிறிய அறை ஒன்றைத் தன் வாசனையால் நிரப்பிக்கொள்வது அதனால் முடிகிற காரியம்.

மருத்துவர் சொன்ன இன்னொன்று என்னை உண்மையிலேயே அச்சப்படுத்தியது. "பசித்தால் தானே இறங்கி வரும்" என்று நாங்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆனால் பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து உண்ணாமலிருந்தால், உடம்பின் கொழுப்பு கல்லீரலில் வந்து படிந்து, அந்த உறுப்பே செயலிழக்கும் நிலை வரலாம். கொழுத்த பூனைகளுக்கு இந்த ஆபத்து அதிகம். ஆகவே புதுப் பூனை ஒளிந்திருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். முழு நாள் ஒன்றும் தின்னாமல் போனால் மருத்துவரிடம் கேட்டுவிட வேண்டும்.

அன்று பிற்பகலே சிறிய அறையைக் காலி செய்து, சன்னலுக்குக் கொசுவலை அடித்தோம். கட்டிலுக்கு அடியில் ஓர் அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து, உள்ளே பழைய வேட்டியை விரித்தோம். உணவும் தண்ணீரும் ஒரு பக்கம், மலத்தொட்டி எதிர்மூலையில். கழிக்கும் இடத்துக்கு அருகில் வைத்த சோற்றைப் பூனை தொடாது என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. கடையில் விற்கும் பூனை மணலின் விலையைக் கண்டு மலைத்தவர்களுக்கு ஒன்று சொல்வேன். பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து மாடித் தோட்டங்களுக்காக வரும் தென்னை நார்த்தூளை உதிர்த்து, வெயிலில் நன்றாக உலர்த்தி ஒரு பழைய பேசினில் பரப்பினால் போதும். ஈரத்தையும் வாடையையும் அது இழுத்துக்கொள்கிறது. எங்கள் பூனை முதல் இரவே அதைத் தோண்டிப் பயன்படுத்திவிட்டது. அட்டாலியிலிருந்து அதை இறக்கியது தனிக்கதை; என் கணவரின் முழங்கையில் அதற்கான வடு இன்னும் இருக்கிறது.

பாலையும் தயிர்ச்சோற்றையும் நிறுத்தினோம். வளர்ந்த பூனைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பாலிலுள்ள சர்க்கரை செரிப்பதில்லை, கழிச்சல்தான் மிஞ்சும். மத்தி மீனை வேகவைத்து, முள் நீக்கி, இளஞ்சூட்டில் ஒரு வட்டிலில் வைத்துக் கதவைச் சாத்தினேன். இரவு இரண்டு மணி இருக்கும்; சிமெண்டுத் தரையில் அந்த வட்டில் சற்றுச் சற்றாக நகர்ந்து நகர்ந்து உராயும் ஓசை கேட்டது. எழுந்து போய்ப் பார்க்கக் கால் துடித்தது, போகவில்லை. விடிந்து பார்த்தபோது வட்டில் கழுவி வைத்ததுபோல் இருந்தது.

உணவு பற்றி இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் புரட்டாசி மாதம் முழுவதும் அசைவம் சமைக்காத வீடுகள் பல. எங்கள் வீடும் அவற்றில் ஒன்று. ஆனால் பூனைக்குப் புரட்டாசி கிடையாது. டாரின் என்னும் சத்து இறைச்சியிலும் மீனிலும்தான் போதிய அளவு இருக்கிறது. பூனையின் உடம்பு அதைத் தனக்கு வேண்டிய அளவு தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. மாதக்கணக்கில் அது கிடைக்காவிட்டால் கண் பார்வை மங்கும், இதயத் தசை தளரும். இந்தப் புரட்டாசியில் அடுப்படிக்கு வெளியே தனிக் கிண்ணத்தில் கடைத்தீவனம் வைத்துச் சமாளித்தோம். பெருமாள் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எங்கள் இரண்டாவது பிழை பினாயில். அட்டாலியிலும் ஆசாரத்திலும் அதைத் தாராளமாக ஊற்றித் துடைத்திருந்தோம். பினாயில் வகைகளிலுள்ள பீனால் சேர்மங்களை முறித்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. துடைத்த தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே அவை உள்ளே போய்விடும். அதே காரணத்தால் நாம் காய்ச்சலுக்குப் போடும் பாராசிட்டமால் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடக்கூடும். நாய்களின் உண்ணிக்கு விற்கும் பெர்மெத்ரின் கலந்த மருந்தும் பூனைக்கு நஞ்சு. பரிவோடு செய்த வைத்தியத்தால் இறந்த பூனைகளை அந்த மருத்துவர் நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னார்.

அதன்பின் செய்ததெல்லாம் சும்மா இருந்ததுதான். காலையும் மாலையும் அரை மணி நேரம் அந்த அறையின் தரையில் உட்கார்ந்து, பூனையைப் பார்க்காமல், தங்கள் நாளிதழைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஆறாம் நாள் கட்டிலடியிலிருந்து வந்து என் கால் பெருவிரலை முகர்ந்தது. பதினோராம் நாள், தலையங்கப் பக்கத்தின் ஓரத்தில் கன்னத்தை உரசிவிட்டு, அதன் மேலேயே படுத்துக்கொண்டது. மூன்றாம் வாரம் அறைக் கதவைத் திறந்து வைத்தோம். எங்கள் வீட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு தறிக்குடோன் உண்டு. முதலில் அந்தச் சத்தத்துக்கு நடுங்கிய பூனை, இப்போது மின்தடை வந்து தறி நின்றால்தான் தலையைத் தூக்கிப் பார்க்கிறது. அடங்க மூன்று நாள், பழக மூன்று வாரம், வீட்டைத் தன் வீடாகக் கொள்ள மூன்று மாதம் என்று காப்பகங்களில் ஒரு தோராயக் கணக்கு சொல்வார்களாம். எங்கள் பூனை ஏறத்தாழ அந்தக் கணக்குப்படிதான் நடந்தது. இதைக் கூடையைக் கொடுத்த அன்றே ஒருவர் சொல்லியிருந்தால், அட்டாலியில் கழிந்த இரண்டு நாள் எங்களுக்கும் அதற்கும் மிஞ்சியிருக்கும்.

வெளியே விடுவதற்கு நாங்கள் ஒரு மாதத்துக்கு மேல் பொறுத்தோம். மதில் இல்லாத கிணறும் வயலில் வைக்கும் எலி மருந்தும் எல்லா ஊரிலும் இருக்கின்றன. மூலனூர், தாராபுரம் பகுதி வாசகர்கள் கண்வலிக் கிழங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விதைக்காகப் பயிரிடப்படும் அந்தச் செங்காந்தளின் எல்லாப் பாகமும் நஞ்சு. முன்பு வளர்த்த குட்டி வாந்தி, கழிச்சலில் இறந்த வீடாக இருந்தால், தடுப்பூசி முடியாத குட்டியை அங்கே கொண்டுவரவே கூடாது. பூனைகளுக்கு வரும் பார்வோ வகை வைரஸ் ஓராண்டு வரைகூட வீட்டுப் பொருள்களில் தங்கியிருக்கும்.

இனி, இந்தக் கடிதத்தை எழுதத் தூண்டிய காரியம். எங்கள் ஊரிலும் சுற்றுவட்டாரத்திலும் விசாரித்ததில், முகாமில் எடுத்துச் சென்ற பூனையைப் பத்து நாளில் விட்டுவிட்டதாகப் பலர் கூச்சமின்றிச் சொன்னார்கள். திருப்பிக் கொடுத்தவர் சிலர். மீன்கடைப் பக்கம் விட்டால் பிழைத்துக்கொள்ளும் என்று கோணிப்பையில் கட்டிக் கொண்டுபோனவர் பலர். சொன்ன காரணங்கள், ஒளிந்துகொள்கிறது, தின்னவில்லை, கண்ட இடத்தில் கழிக்கிறது என்பவைதாம். மருமகள் முழுகாமல் இருப்பதால் பூனை ஆகாது என்று விட்டவர்களும் உண்டு. அந்தப் பயத்துக்கு அடிப்படை இல்லாமல் இல்லை. ஆனால் பூனையின் மலத்தில் வெளிவரும், கருவைப் பாதிக்கக்கூடிய டாக்சோபிளாஸ்மா என்னும் கிருமி, தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். மலத்தொட்டியை வேறொருவர் நாள்தோறும் சுத்தம் செய்து, இறைச்சியை நன்கு வேகவைத்து, தோட்ட வேலைக்குப் பின் கையைக் கழுவினால் ஆபத்து வெகுவாகக் குறைந்துவிடும்.

வளர்ப்பு உயிரைப் பட்டினி கிடக்கும்படி கைவிடுவது, விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960-ன் படி குற்றம். முதல் குற்றத்துக்கு அச்சட்டம் விதித்த அபராதம் பத்து ரூபாய் முதல் ஐம்பது ரூபாய் வரை. முகூர்த்த நாளில் அந்தப் பணத்துக்குச் சத்தியமங்கலம் மல்லிகை ஒரு முழம்கூடக் கிடைக்காது. ஆகவே சட்டத்தை நம்பிப் பயனில்லை. சொல்லிக் கொடுப்பதையே நம்ப வேண்டியிருக்கிறது.

காப்பகங்கள் தடுப்பூசி அட்டையோடு தமிழில் அச்சிட்ட ஒரு பக்க வழிகாட்டியையும், பூனை அதுவரை தின்றுவந்த தீவனத்தில் ஒரு வாரத்துக்கானதையும் கொடுத்தனுப்ப வேண்டும்; மூன்றாம் நாளும் பதினைந்தாம் நாளும் தாமாகவே அழைத்து விசாரிக்க வேண்டும். அந்த ஒரு பக்கத்தை எழுதித்தர ஆளில்லை என்று சொல்வதற்கில்லை. நாமக்கல்லிலும் உடுமலையிலும் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. தங்களிடம் கேட்பது அதைவிடச் சிறியது. அடுத்த முறை முகாம் செய்தியும் படமும் வரும்போது, அதன் கீழே, புதுப் பூனைக்கு முதலில் ஓர் அறை மட்டும் கொடுங்கள், ஒரு நாள் முழுதும் தின்னாவிட்டால் மருத்துவரிடம் கேளுங்கள், பினாயில் வேண்டாம் என்று மூன்று வரி சேர்த்து வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
பெருந்துறை வட்டம், ஈரோடு மாவட்டம்.