அப்பாவுக்குக் குருதி தந்த உறவுகளுக்கு

மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் நுரையீரல் புற்றுநோய்க்குக் கீமோ சிகிச்சை பெற்றுவரும் எங்கள் அப்பாவுக்குத் துணைநின்ற அனைவருக்கும், மண்டூரிலிருந்து எங்கள் குடும்பம் கைகூப்பி நன்றி சொல்கிறது.

மூன்றாவது கீமோவுக்கு முந்திய பரிசோதனையில் அப்பாவின் ஹீமோகுளோபின் டெசிலீட்டருக்கு 7 கிராமுக்கும் கீழே இறங்கியிருந்தது. வயலும் வரம்புமாய் வாழ்ந்த மனிதர், கிணற்றடிக்குப் போவதற்குள் மூச்சிரைத்து உட்கார்ந்துவிடுவார். கீமோ மருந்து புற்றுநோய்க் கலங்களோடு, குருதி ஊறும் எலும்பு மச்சையையும் ஒடுக்கிவிடுகிறது என்று வைத்தியர் விளக்கினார். குருதி ஏற்றித் தெம்பு வந்த பிறகுதான் அடுத்த மருந்து என்றார்.

முருங்கையிலையும் மாதுளம்பழமும் ஈரலும் வீடு தேடி வந்து தந்த அயலவர்களே, சோறு இறங்காத நாட்களில் அவைதான் அப்பாவைத் தாங்கின. ஆனால் மச்சை ஒடுங்கிக் கிடக்கும்போது சாப்பாட்டாலும் இரும்புச்சத்து மாத்திரையாலும் மட்டும் குருதி மளமளவென்று ஏறிவிடாது. குருதியை ஊறச் செய்யும் ஊசி இருக்கிறதே என்று தம்பி கேட்டான். அந்த ஊசி குருதி உறைந்து குழாய்களை அடைக்கும் ஆபத்தைக் கூட்டக்கூடியது, புற்றுநோயாளருக்கு அந்த ஆபத்து முன்பே அதிகம், அப்பாவின் நிலைக்குக் குருதி ஏற்றுவதே பொருத்தம் என்று, அத்தனை நோயாளர் காத்திருந்த வேளையிலும் வைத்தியர் பொறுமையாகச் சொன்னார். அந்தப் பொறுமைக்கு எப்படி நன்றி சொல்வது!

குருதி ஏறத் தொடங்கிய முதல் 15 நிமிடமும் தாதி உத்தியோகத்தர் கட்டிலருகிலேயே நின்று காய்ச்சல், நடுக்கம் ஏதும் வருகிறதா என்று பார்த்துக்கொண்டார். ஒரு பை ஏறினால் ஹீமோகுளோபின் ஏறத்தாழ 1 கிராம் கூடும் என்று அவர்தான் சொன்னார். மறுநாள் அப்பா தாமாகவே எழுந்துபோய் முகம் கழுவினார்.

அந்தப் பைகளில் இருந்தது யாருடைய குருதி என்று எங்களுக்குத் தெரியாது. இலங்கையில் எவரும் குருதியை விற்பதில்லை, மனமுவந்து தருகிறார்கள். ஆகவே தந்த எல்லோருக்கும் நாங்கள் கடன்பட்டவர்கள். செய்தி கேட்டதும் இரத்ததான முகாமுக்கு ஆள் திரட்டிய விளையாட்டுக் கழகத்துத் தம்பிமாரே, காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்த காக்காமாரே, குருமண்வெளிப் பாதைப் படகில் எங்களை முதலில் ஏற்றி அனுப்பியவர்களே, உங்களை மறவோம்.

ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்ட அக்காமாரே, முகம் வாடிப் போனீர்கள். வந்து நின்றீர்களே, அதுவே எங்களுக்குப் பெரிது. உங்கள் குருதி ஏன் குறைந்தது என்று தயவுசெய்து கிளினிக்கில் காட்டுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

அப்பாவுக்கு இன்னும் சில கீமோ இருக்கிறது. அடுத்து எப்போது தரலாம் என்று பலர் கேட்டிருந்தீர்கள். கடைசியாகக் கொடுத்து 4 மாதம் கழிந்திருந்தால், எங்கள் அழைப்புக்குக் காத்திராமல் நேரே இரத்த வங்கிக்குப் போங்கள். அப்பாவின் விடுதியிலேயே குருதிக்குக் காத்திருக்கும் வேறு பலரும் இருக்கிறார்கள்.

அன்புடன்,
மூத்த மகளும் குடும்பத்தினரும்