செங்கோட்டை–புளியரை சாலையில் மிதிவண்டிக்கு ஓர் ஓரம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குடும்பப் பொறுப்புள்ளவர்கள் விடுமுறை நாள்களில் மாரத்தான், நெடுந்தூர மிதிவண்டிப் பயணம் என்று கிளம்பிவிடுவதால் வீட்டிலிருப்பவர்கள் தனித்துவிடப்படுகிறார்கள் என்று வாசகர் ஒருவர் அண்மையில் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. ஆயினும், செங்கோட்டையில் குடியிருந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே ஓட்டத்திலும் மிதிவண்டியிலும் ஈடுபட்டு வருபவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் வீட்டாருக்குச் சுமையாக இருப்பது நான் எடுத்துக்கொள்ளும் நேரமன்று. நான் பயிற்சி செய்யும் சாலைதான்.

நேரத்துக்கு வழி காணலாம். கோவை மாரத்தான் டிசம்பரிலும் சென்னை மாரத்தான் ஜனவரியிலும் நடைபெறுகின்றன. முழு மாரத்தான் தூரமான 42.195 கிலோமீட்டர் ஓட விரும்புபவர் நான்கைந்து மாதங்களுக்கு முன்பிருந்தே தூரத்தைக் கூட்டிக்கொண்டு வந்து, கடைசி இரண்டு மூன்று வாரங்களில் குறைத்துக்கொள்ள வேண்டும். ஆகவே மிக நீண்ட ஓட்டங்கள் புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் வந்து விழுகின்றன. காலாண்டு விடுமுறையும் தீபாவளியும் அதே காலத்தில்தான் வருகின்றன. அதனால் ஆடி பிறக்கும் முன்பே நானும் பள்ளி ஆசிரியையான என் மனைவியும் நாட்காட்டியோடு உட்கார்ந்து, அவருடைய விடைத்தாள் திருத்தும் நாள்கள், பிள்ளைகளின் தேர்வுகள், உறவினர் வீட்டு விசேஷங்கள் ஆகியவற்றைக் குறித்துவிட்டு, எஞ்சும் ஞாயிறுகளுக்கு ஏற்றபடியே போட்டிகளைத் தேர்ந்தெடுக்கிறோம். ஓட்டப் பயிற்சி பெரும்பாலும் பிள்ளைகள் எழுவதற்கு முன்பே முடிந்துவிடும்.

மிதிவண்டிக்கு அவ்வளவு எளிதாக இடம் கிடைப்பதில்லை. பாரிஸைச் சேர்ந்த ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் அமைப்பின் விதிகளின்படி நடைபெறும் ‘பிரெவே’ எனப்படும் நெடுந்தூர மிதிவண்டிப் பயணங்களில் முதலிடம், இரண்டாமிடம் என்பது கிடையாது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள்ளும், 300 கிலோமீட்டரை 20 மணி நேரத்துக்குள்ளும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்துக்குள்ளும் முடித்தால் போதும். ஆனால் 600 என்றால் வீட்டுக்கு ஒரு வார இறுதி முழுவதும் போய்விடும். இளையவள் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும் வரை 300-ஐத் தாண்டுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறேன். அது சரியான முடிவு என்றே இன்றும் கருதுகிறேன். சில ஞாயிறுகளில் நான் மலையேறி மிதிக்க, மனைவியும் பிள்ளைகளும் ரயிலில் கேரளத்திலுள்ள தென்மலைக்கு வந்துவிடுவார்கள். 2018-இல் அகல ரயில் பாதை முழுமையாகத் திறக்கப்பட்டதால் கிடைத்த வசதி இது. கழுதுருட்டியின் பதின்மூன்று கண் ரயில் பாலத்தை அவர்கள் மேலிருந்தும் நான் கீழிருந்தும் பார்க்கிறோம்.

இந்த ஏற்பாடுகள் எவற்றாலும் தீராதது சாலை பற்றிய அச்சம். திருமங்கலத்திலிருந்து கொல்லம் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 744, தமிழக எல்லையிலுள்ள புளியரையைத் தாண்டி எஸ் வளைவில் ஏறும் இடத்தில், தார் விளிம்பு பல இடங்களில் உடைந்து மண்ணுக்குப் படி இறங்குவதுபோல் நிற்கிறது. ஏற்றத்தில் மிதிவண்டி மணிக்கு எட்டுப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் சற்றே அலைந்துகொண்டுதான் நகரும். அப்போது பின்னால் பாரம் ஏற்றிய லாரி ஒலி எழுப்பினால் ஒதுங்க இடமே இல்லை. ஆனி, ஆடியில் கணவாய் வழியே வரும் மேல்காற்று எதிரில் நின்று தள்ளும். பெரிய வண்டி கடக்கும் நொடியில் அந்தக் காற்று மறைந்து மறுபடி பக்கவாட்டில் அடிப்பதால் கைப்பிடி திரும்பிவிடும். அதுவே குற்றால சீசனும் ஆகையால் சுற்றுலா வாகனங்கள் அதிகம். கார்த்திகை பிறந்தால் சபரிமலை, ஆரியங்காவு செல்லும் வாகனங்கள், அவற்றில் பல இரவெல்லாம் ஓட்டி வந்த களைத்த ஓட்டுநர்களோடு, விடியற்காலையில் மலையேறுகின்றன. கேரளத்துக்குக் கல்லும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகளுக்கோ மாதக் கணக்கே கிடையாது. காட்டுப் பகுதியில் கைப்பேசிக்கு அலைவரிசை கிடைக்காத நேரத்தில் என் மனைவி படும் பாட்டை, அந்த வாசகர் குறிப்பிட்ட தனிமையைவிடப் பெரிதாக நான் எண்ணுகிறேன்.

எங்கள் பங்கை நாங்கள் செய்கிறோம். இரவில் முன்விளக்கு, பின்விளக்கு, ஒளி திருப்பும் மேலங்கி ஆகியவை இல்லாமல் பிரெவேயில் மிதிக்க அனுமதியில்லை. அதே ஒழுங்கைப் பயிற்சியிலும் கடைப்பிடிக்கிறோம். மேலும் இது பந்தயம் ஓடுபவர்களின் தேவை மட்டுமன்று. இதே விளிம்பில்தான் பால்காரர்களும், தோட்ட வேலைக்குச் செல்பவர்களும், அரசு வழங்கிய விலையில்லா மிதிவண்டியில் பள்ளிக்குச் செல்லும் மேல்நிலை மாணவ மாணவியரும் போகிறார்கள்.

ஆகவே, செங்கோட்டை முதல் ஆரியங்காவு வரை சாலையின் இருபுறமும் தார்மட்டத்துக்கு மண் நிரப்பி இறுக்கி, விளிம்பில் வெள்ளைக்கோடு இடுமாறும், வளைவுகளில் மிதிவண்டிகள் வரும் என்ற எச்சரிக்கைப் பலகைகளைத் தமிழிலும் மலையாளத்திலும் வைக்குமாறும், ஞாயிற்றுக்கிழமைகளில் காலை 5 மணி முதல் 7 மணி வரையிலாவது கனிம லாரிகளைச் சோதனைச் சாவடிகளில் நிறுத்தி வைக்குமாறும் இரு மாநில நிர்வாகங்களையும் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன். மண் நிரப்பும் பணியையேனும் கார்த்திகை முதல் தேதிக்கு முன் முடித்துத் தர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
செங்கோட்டை.