முகம் பார்த்துப் பேசுகிறார்கள், அம்மா

அல்சூர், பெங்களூரு
13.7.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

பசியாறிவிட்டீர்களா? அப்பாவின் முட்டி வலி எப்படி இருக்கிறது?

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசும்போது நீங்கள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டீர்கள். முகம் இருட்டாகிவிட்டது, உங்கள் உதடு எனக்குத் தெரியவில்லை. ஏதோ கேட்டீர்கள், நான் சிரித்துத் தலையாட்டினேன். "அங்கே உன்னை மரியாதையாக நடத்துகிறார்களா என்று அம்மா கேட்டார்கள், நீ ஏன் சிரித்தாய்?" என்று தம்பி பிறகு எழுதியிருந்தான். காதில் விழாததை விழுந்ததுபோலக் காட்டிக்கொள்ளும் பழக்கம் இன்னும் முழுசாகப் போகவில்லை, மன்னித்துவிடுங்கள். அந்தக் கேள்விக்கு நாலு வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் தாளில் எழுதுகிறேன். அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் இருக்கும் இடம். அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் மாடி அறை. வீட்டுக்கார அம்மா ஒரே மூச்சில் தமிழில் தொடங்கிக் கன்னடத்தில் முடிப்பார். ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை இருக்கிறது. 1991-ல் வைத்த சிலையைச் சாக்குப் போட்டு மூடி, 2009 ஆகஸ்ட் 9 அன்றுதான் திறந்தார்களாம். பதினெட்டு வருஷம்! அதே வாரம் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞர் சிலையையும் திறந்தார்கள். கொஞ்சம் தள்ளித் தமிழ்ச் சங்கம். மலேசியாவில், நம் கிள்ளான் கடைத்தெருவில் கேட்கிற மாதிரியே இங்கேயும் தமிழ் கேட்கிறது என்று எழுத ஆசைதான், ஆனால் எனக்குத் தமிழ் கேட்பதைவிடத் தெரிவதுதான் அதிகம். இந்தத் தெருவில் முகங்களில் தமிழ் தெரிகிறது.

குளிர் பிடித்திருக்கிறது. நம் ஊர்ப் புழுக்கத்தில் என் காதுக் கருவிக்குள் வியர்வை இறங்கி வாரத்துக்கு ஒருமுறை மக்கர் பண்ணும். நீங்கள் ராத்திரியில் மைலோ டின்னுக்குள் அரிசியும் உப்புப் பொட்டலமும் போட்டு அதில் என் கருவியைத் தூங்க வைப்பீர்களே, இங்கே அந்த வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. மெட்ரோ அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டு வரை நேராகப் போகிறது. அடுத்த நிலையத்தின் பெயர் பெட்டிக்குள் எழுத்தில் வருவதால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆட்டோவில்தான் கஷ்டம். ஓட்டுநர் முன்னால் பார்த்தபடி கன்னடத்தில் கேட்பார், எனக்கு அவர் பிடரிதான் தெரியும். தமிழ் உதட்டைப் படிக்க இருபது வருஷம் ஆயிற்று. அதிலேயே பாலையும் மாலையும் ஒன்றுபோலத்தான் இருக்கும், பாடும் மாடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கன்னட உதடு இனிமேல்தான் பழக வேண்டும்.

சரி, வேலைக்கு வருகிறேன்.

இந்திரா நூயி என்ற பெயர் உங்களுக்குத் தெரியும், பத்திரிகையில் படம் வெட்டி வைத்திருந்தீர்கள். சென்னையில் பிறந்து, 2006-ல் பெப்சிகோவின் தலைவரானவர். அந்தப் பதவிக்கு வந்தபின் சென்னை வீட்டுக்குப் போயிருக்கிறார். வந்த உறவுக்காரர்கள் எல்லாரும் அவரை விட்டுவிட்டு அவர் அம்மாவிடம், பெண்ணை நல்லா வளர்த்திருக்கிறீர்கள் என்று சொன்னார்களாம். அதைப் பார்த்தபின் தன்கீழ் வேலை செய்த மேலதிகாரிகளின் அப்பா அம்மாவுக்கு, உங்கள் பிள்ளையைத் தந்ததற்கு நன்றி என்று கடிதம் எழுத ஆரம்பித்தார். நான் அதைத் திருப்பிச் செய்கிறேன். என் மேலாளரைப் பற்றி என் அம்மாவுக்கு எழுதுகிறேன்.

அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், இங்கே யாரும் மேடம் போடுவதில்லை. எனக்கு வாய் வரவில்லை, அக்கா என்கிறேன். அக்காவின் ஊர் கோலார் தங்கவயல், இங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர். ஒரு காலத்தில் சுரங்க வேலைக்கு வட ஆற்காட்டிலிருந்தும் பக்கத்து ஜில்லாக்களிலிருந்தும் தமிழர்கள் போய்க் குடியேறிய ஊர். ரப்பர் மரத்துக்கு நம் ஆட்கள் கப்பலேறியதுபோல அவர்கள் தங்கத்துக்கு ரயிலேறியிருக்கிறார்கள். லயன் வீடுகள்கூட நம் லயத்து வீடு மாதிரியேதான் இருக்குமாம். 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதற்கப்புறம் அக்காவின் அப்பா மாதிரி ஆயிரக்கணக்கான பேர் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்கு வந்து ராத்திரி திரும்பியிருக்கிறார்கள். இன்றைக்கும் வருகிறார்கள்.

முதல் நாள் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "நீ நன்றாக வேலை செய்ய என்னென்ன வேண்டும்? எழுதிக் கொடு." காது எவ்வளவு கேட்கும், எப்போதிருந்து, வைத்தியம் பார்த்தீர்களா, எதுவும் கேட்கவில்லை. நான் மூன்று வரி எழுதிக் கொடுத்தேன். மறுவாரம் எங்கள் குழுவில் இருக்கும் பதினாலு பேருக்கும் ஒரு ஏற்பாடு வந்தது. கூட்டத்தில் பேசுவது திரையில் எழுத்தாக ஓட வேண்டும். ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசக் கூடாது. பேசுகிறவர் முகம் தெரிய வேண்டும். என்ன முடிவானது என்று அன்றைக்கே எழுதி அனுப்ப வேண்டும். அதில் என் பெயர் எங்கேயும் இல்லை, அம்மா. இவளுக்காக என்று ஒரு வார்த்தை இல்லை. எங்கள் நிறுவனத்தின் போலந்து அலுவலகத்தில் இருப்பவர்கள்தான் முதலில் நன்றி சொன்னார்கள், நம் ஆட்களின் ஆங்கிலம் அவர்களுக்கு இத்தனை நாள் பாதிதான் புரிந்ததாம்.

அமெரிக்காவோடு நடக்கும் கூட்டம் எப்போதும் நமக்கு ராத்திரி ஒன்பது மணிக்கு இருந்தது. கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்கள் இரண்டு பேர் குழுவில் இருக்கிறார்கள். ஒரு மாதம் நமக்கு ராத்திரி, மறு மாதம் அவர்களுக்கு விடியற்காலை என்று அக்கா மாற்றினார். அதற்கு முணுமுணுத்தவர்களும் உண்டு, இங்கேயும் அங்கேயும்.

இது எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் மதியச் சாப்பாட்டில் கேட்டேன். அவர் தாத்தா சுரங்கத்தில் பாறை துளைக்கிற வேலை. அந்தச் சத்தத்திலும் வெடியிலும் ஐம்பது வயதுக்குள் காது போய்விட்டது. "எங்க வீட்ல தாத்தா முகத்துக்கு நேரா வந்து நிக்காம யாரும் பேச மாட்டோம். ராத்திரின்னா லாந்தர தூக்கி நம்ம மூஞ்சிக்கு பக்கத்துல வெச்சுக்கணும்" என்றார். அதைச் சொல்லும்போதும் சோற்றுக் கையை வாயை மறைக்காமல் இறக்கி வைத்துவிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

கோலாலம்பூரில் நான் வேலை செய்த இடத்தை நீங்கள் இன்னமும் நல்ல இடம் என்றுதான் சொல்கிறீர்கள். அங்கே யாரும் என்னை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை, உண்மைதான். வாடிக்கையாளரோடு தொலைபேசிக் கூட்டம் என்றால், "உனக்கு ஏன் சிரமம், நீ விடு" என்பார்கள். பாவம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் கூட்டத்தில் உட்கார்ந்தவர்களுக்கு வாடிக்கையாளரைத் தெரிந்தது, வாடிக்கையாளருக்கு அவர்களைத் தெரிந்தது, பதவி உயர்வும் அவர்களுக்கே வந்தது. என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் மேலே போனார்கள், நான் மூன்று வருஷம் அதே நாற்காலி. திட்டியிருந்தால் சண்டை போட்டிருக்கலாம். இரக்கத்தோடு எப்படிச் சண்டை போடுவது? நான் விலகியதற்குச் சம்பளம் காரணம் என்று உங்களிடம் சொன்னேன். இதுதான் காரணம்.

இங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள். மார்ச் மாதம் வேறொரு பிரிவில் ஆள் எடுத்தார்கள். என்னைப் போலவே காது கேட்பது குறைவான ஒரு பையன் விண்ணப்பித்திருந்தான். வேலை சுத்தமாகத் தெரியும். ஆனால் முதல் சுற்றுத் தேர்வு தொலைபேசியில். அவனால் பதில் சொல்ல முடியவில்லை, "பேச்சுத் திறன் போதாது" என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். அக்காவுக்கு இது தெரிய வந்ததும் நேராக மேலிடத்துக்குப் போனார். இந்திய அலுவலகம் முழுக்க முதல் சுற்றைத் தொலைபேசியிலோ, வீடியோவிலோ, எழுத்திலோ, வருகிறவர் விருப்பப்படி வைக்கலாம் என்று மாற்ற இரண்டு மாதம் போராடினார். அந்தப் பையனை மறுபடி கூப்பிட்டபோது அவன் வேறு இடத்தில் சேர்ந்துவிட்டான். இதை அக்கா இன்னும் மனசில் வைத்திருக்கிறார். எனக்கு அந்த இரண்டு மாதம் பெரிதாகத் தெரிகிறது, அவருக்கு அந்தப் பையன்.

அவர் கையில் சட்டமும் இருந்தது. இந்த நாட்டில் 2016-ல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏழு வகைக் குறைபாடுகளை இருபத்தொன்றாக விரித்தது. இட ஒதுக்கீடு 4 சதவீதம் அரசு வேலைக்குத்தான். ஆனால் தனியார் நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும். 20 பேரோ அதற்கு மேலோ இருந்தால் இதைக் கவனிக்கவென்றே ஓர் அதிகாரியை வைக்க வேண்டும். இதற்கு முந்தைய சட்டம் 1995-ல் வந்தது. அதற்காக டெல்லித் தெருவில் சக்கர நாற்காலியோடு இறங்கியவர் ஜாவேத் அபிதி. அவர் 2018-ல் காலமாகிவிட்டார். அவர் யாரென்று எங்கள் அலுவலக மாடியில் பாதிப் பேருக்குத் தெரியாது. எனக்கும் இங்கே வந்துதான் தெரியும்.

இதே பெங்களூரில் சாந்தி ராகவன் என்று ஒருவர் இருக்கிறார். தன் தம்பிக்குப் பார்வை போனபோது, அவர் படித்து வேலைக்குப் போகும்வரை கூடவே நின்றவர். அந்த அனுபவத்தை வைத்து 1999-ல் கணவரோடு சேர்ந்து எனேபிள் இந்தியா என்ற அமைப்பைத் தொடங்கினார். மாற்றுத்திறனாளிகளுக்குப் பயிற்சி தருவதோடு நிற்காமல், நிறுவனங்களுக்கும் சொல்லித் தருகிறார்கள். அதைப் படித்தபோது உங்கள் மைலோ டின்தான் ஞாபகம் வந்தது. ஒரு வீட்டுக்குள் ஓர் ஆளுக்காகக் கண்டுபிடித்ததை வெளியே எடுத்து எல்லாருக்கும் ஆக்கியிருக்கிறார்.

இன்னும் இரண்டு பேரை அப்பாவுக்குச் சொல்லுங்கள். இன்டர்நெட்டின் அடிப்படை விதிகளை ராபர்ட் கானோடு சேர்ந்து வகுத்த வின்ட் செர்ஃப், சிறு வயதிலிருந்தே இரண்டு காதிலும் கருவி போட்டவர். மின்னஞ்சல் வந்ததால் தொலைபேசியை நம்பி இருக்க வேண்டியதில்லை என்பது அவருக்கும் பெரிய ஆறுதலாக இருந்தது. பேசுவதை எழுத்தாக்கும் செயலி என் கைபேசியில் இருக்கிறதே, தமிழும் எழுதுமே, 2019-ல் கூகுள் அதைக் கொண்டுவந்ததற்குப் பின்னால் இருந்தவர் திமித்ரி கனேவ்ஸ்கி. குழந்தையிலேயே செவித்திறனை இழந்தவர். தனக்கு வேண்டியதைத் தானே செய்திருக்கிறார்.

ஒரு கவலையும் எழுதிவிடுகிறேன். இந்த வருஷம் ஜனவரியில் அமெரிக்காவில் புது அதிபர் வந்ததும் அரசு அலுவலகங்களில் இந்த மாதிரிச் சம வாய்ப்புத் திட்டங்களை நிறுத்தச் சொல்லி உத்தரவு போட்டார். பெரிய நிறுவனங்கள் சிலவும் பின்வாங்கின. எங்கள் தலைமை அலுவலகத்தில் அவற்றைக் கவனிக்கும் பிரிவின் பெயரை மாற்றினார்கள், வலைத்தளத்தில் சில பக்கங்கள் காணாமல் போயின. எனக்கு இரண்டு ராத்திரி தூக்கம் இல்லை. திங்கட்கிழமைக் கூட்டத்தில் எழுத்து ஓடாதோ என்று பயந்தபடி உட்கார்ந்திருந்தேன். ஓடியது. அக்காவிடம் கேட்டேன். "அது துறை போட்ட விதி இல்ல, நம்ம குழு போட்டது. என்னைக் கேக்காம யார் எடுப்பாங்க?" என்றார். சரிதான். ஆனால் அக்கா நாளை வேறு இடத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியவில்லை. அதனால் இதையெல்லாம் இந்திய அலுவலகத்தின் எழுத்து விதியாக்க ஒரு சின்னக் குழு போட்டிருக்கிறோம். நானும் அதில் இருக்கிறேன். வாடிக்கையாளர் கூட்டத்திலும் இருக்கிறேன், அம்மா, மே மாதத்திலிருந்து.

பள்ளிக்கூட நாளில் காது மறைகிற மாதிரி இழுத்துப் பின்னி, பூவையும் அந்தப் பக்கமே வைத்துவிடுவீர்கள். யாரும் கேலி செய்துவிடக் கூடாதே என்றுதான். இப்போது முடியை மேலே தூக்கிக் கட்டுகிறேன். கருவியில் காதுக்குள் போகிற அச்சை நீல நிறத்தில் செய்துகொண்டேன். படம் அனுப்புகிறேன், கோபப்படாதீர்கள். போன மாதம் மதுரைப் பக்கத்திலிருந்து பயிற்சிக்கு வந்த ஒரு பையன் என் மேசைக்கு வந்து நின்றான். அவனுக்கும் கருவி உண்டாம், அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறானாம். "போட்டுக்கிட்டு வந்தா ஒண்ணும் ஆகாதாக்கா?" என்று கேட்டான். மறுநாள் போட்டுக்கொண்டு வந்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.

வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. வீட்டுக்கார அம்மா கூழ் ஊற்றப் போகிறார், கேழ்வரகு எவ்வளவு நேரம் புளிக்க வேண்டும் என்பதில் எங்கள் இருவருக்கும் தகராறு. நீங்கள் சொல்வதுதான் முடிவு என்று சொல்லிவைத்திருக்கிறேன், எழுதி அனுப்புங்கள். அப்பாவுக்கு முட்டித் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், தீபாவளிக்கு வரும்போது கொண்டுவருகிறேன்.

அடுத்த ஞாயிறு இங்கே எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன், உங்களுக்குப் பத்தரை. நாற்காலியை ஜன்னலைப் பார்த்தபடி திருப்பிப் போட்டு உட்காருங்கள், வெளிச்சம் முகத்தில் விழும். தம்பி சொல்லித் தர வேண்டாம், நீங்களே பேசுங்கள். புரியவில்லை என்றால் இந்தத் தடவை புரியவில்லை என்றே சொல்வேன்.

இப்படிக்கு,
உங்கள் மகள்